டிஸ்ட்ரிபியூட்டர் ஒத்துவரலை

கம்பம் பள்ளத்தாக்கில் அதிகமான கலப்புத் திருமணங்களை நடத்திவைத்தவர் எங்கள் சம்மந்தி மெக்கானிக்தான். மணமக்களில் ஒருவர்கூட மனிதர் இல்லை என்பதுதான் ஒரே குறை. லாரி ரேடியேட்டரை ஜீப்புக்குக் கட்டிவைப்பார். டிராக்டர் டைனமோவை வேன் வீட்டுக்கு மருமகளாக அனுப்புவார். 'பொருத்துவது' என்ற சொல்லே அவர் வாயில் வராது. "சம்பந்தம் பேசிட்டேன் தம்பி, ரெண்டு பக்கமும் சம்மதம்" என்பார். அதனால் வந்த பெயர் அது. நிஜப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். போனில்கூட "சம்மந்தி பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

மரியாதை எல்லாம் சாமான்களுக்குத்தான். கார்பரேட்டர் "மூச்சுத் திணறி இருக்காக". கிளட்ச் "கோவிச்சுக்கிட்டாக". தாசில்தாரே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாலும் வண்டி 'அவுக', தாசில்தார் 'ஏப்பா'.

தொண்ணூறுகளின் கடைசியில் என் சாம்பல் நிறக் கார், இன்ஜின் உயிரை விட்ட நிலையில், சின்னமனூரில் இருந்த அவருடைய ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் அப்போது தேனி பஜாரில் சோப்பு டிஸ்ட்ரிபியூட்டர். மனைவி செல்வி தலைப்பிரசவத்துக்குக் கோம்பையில் அம்மா வீட்டில் இருந்தாள். வலி எடுத்தால் தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர அந்தக் காரைத்தான் நம்பியிருந்தேன். டாக்டர் சொன்ன நாள் நெருங்க நெருங்க, அவளுக்கு முன்னால் எனக்கு வலி வந்துவிடும் போலிருந்தது.

வேறொரு ரகக் காரைத் தேவதானப்பட்டியில் உடைத்துப் போட்டிருந்தார்கள். அதன் இன்ஜினைச் சம்மந்தி கொண்டுவந்தார். மாப்பிள்ளை முழுசாக வரவில்லை, டிஸ்ட்ரிபியூட்டரைக் காணோம். ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துத் தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கிற சாமான் அது. நான் கடைகடையாகச் சோப்பைப் பங்கிடுவது போலத்தான். என் பழைய இன்ஜினில் இருந்ததைக் கழற்றி வைத்துப் பார்த்தார். புது இன்ஜினின் துவாரத்தில் அது உட்காரவே இல்லை. தகவல் சொல்ல, நான் கொடுத்திருந்த கோம்பை நம்பருக்குப் போன் போட்டார்.

எடுத்தவர் என் மாமனார். 'டிஸ்ட்ரிபியூட்டர் மாப்பிள்ளை' கிடைத்த பெருமையில் ஊரெல்லாம் என்னை அந்தப் பட்டத்தால் மட்டுமே குறிப்பிடுகிறவர். சம்மந்தி என்றால் அவருக்கு உலகத்தில் ஒரே ஆள், என் அப்பா. லைனிலோ ஒரே இரைச்சல்.

"சம்மந்தி பேசுறேன்."

"சொல்லுங்க சம்மந்தி, சௌக்கியமா?"

"என்னத்த சௌக்கியம். டிஸ்ட்ரிபியூட்டர் ஒத்துவரலை. நானும் தட்டிப் பாத்தேன், அடிச்சும் பாத்தேன். சேர மாட்டேங்குறாக."

"யாரு, நம்ம டிஸ்ட்ரிபியூட்டரா?"

"அவுகதான். உள்ள பூராம் தேஞ்சு கெடக்காக. கழட்டி வெளிய வச்சாச்சு. கவலை வேணாம், கம்பத்துல வேற ஒண்ணு பாத்துருக்கேன். கொஞ்சம் ஓடுனதுதான். ஆனா நல்ல எடம்."

"பிள்ளை நெறமாசமா இருக்கே சம்மந்தி."

"அதுக்குத்தான அவசரப்படுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் நான் ஒன்றும் தெரியாமல் கோம்பை போய் இறங்கினேன். வாங்க என்று ஒருவரும் சொல்லவில்லை. வழக்கமாக வாலாட்டும் நாய்கூட மாமனார் முகத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து உறுமியது. "ஒங்கப்பா போன் போட்டாக. ஒங்களைக் கழட்டி வெளிய வச்சாச்சாம்" என்றார் மாமனார். அப்பா எதற்காக என்னைக் கைகழுவினார் என்று யோசித்து, அந்தப் பயத்தில் செய்யாத தப்பையெல்லாம் மனசுக்குள் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டேன். "தேஞ்சு கெடக்காக", "கொஞ்சம் ஓடுனது" என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தபோதுதான் பொறி தட்டியது.

விளக்கிச் சொன்னேன். அடுப்படி வாசலில் நின்ற செல்வி சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முகம் மாறியது.

"ஏங்க, இது சிரிச்ச வலி இல்ல."

அன்று பார்த்துப் பெரிய முகூர்த்தம். சுற்று வட்டாரத்து வாடகைக் கார் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு மண்டப வாசல்களில் நின்றன. ஷெட்டுக்குப் போன் போட்டேன். ரிசீவர் வழியாக வெடிச் சத்தம் கேட்டது.

"உக்காந்துட்டாகளா?" என்றேன். பயத்தில் நானும் மரியாதைக்கு மாறியிருந்தேன்.

"கம்பத்துக்காரவுக உக்காந்துட்டாக. ஆனா பாதிச் சுத்து தள்ளி உக்காந்திருக்காக. தப்பான நேரத்துல பொறி விழுந்து வெடிக்குது."

வலி எடுத்துவிட்டது என்று சொன்னேன். "அவுக திரும்ப மாட்டாக. நாம வயரைத் திருப்பிக்கிருவோம்" என்றார். ரிசீவரைத் தொங்கவிட்டது தெரிந்தது. பிளக் வயர்களைப் பாதிச் சுற்று மாற்றிச் செருகியிருக்கிறார். சற்று நேரத்தில் இன்ஜின் சீராக உறுமுவது கேட்டது, பிறகு தூரமாய்ப் போனது. அதற்கு அப்புறமும் நான் அந்தக் காலி ஷெட்டுக்கு ஹலோ சொல்லிக்கொண்டே இருந்தேன். மாமியார்தான் வந்து ரிசீவரைப் பிடுங்கினார்.

பானெட் இல்லாமல் வந்தது கார். டிஸ்ட்ரிபியூட்டரைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தார். செல்வியும் மாமியாரும் பின்னால் ஏற, நான் ஆஸ்பத்திரிப் பையென்று நினைத்து என் சாம்பிள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினேன். உத்தமபாளையம் தாண்டித்தான் பார்த்தோம். பை நிறையச் சோப்பு. அந்த வலியிலும் செல்வி, "ஒரு பிள்ளையக் குளிப்பாட்ட இம்புட்டு எதுக்கு?" என்றாள்.

சின்னமனூர் தாண்டியதும் இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கியது. "பொறுத்துக்கங்க, வீரபாண்டி தாண்டிட்டா வந்துரும்" என்றார் சம்மந்தி. செல்வியிடம் சொன்னாரா, டிஸ்ட்ரிபியூட்டரிடம் சொன்னாரா, இன்றுவரை தெரியாது. இருவருமே பொறுத்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் இறங்கினோம். அவர் மட்டும் இறங்கவில்லை, இன்ஜினையும் அணைக்கவில்லை. வாட்ச்மேன் வந்து சத்தம் போட்டுப் பார்த்தார். அணைத்துவிடலாமே என்று நானும் சொன்னேன்.

"மதுரைக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாகன்னா? அந்நேரம் பாத்து வண்டி எந்திரிக்கலைன்னா என்ன செய்வ? நீ உள்ள போ தம்பி."

மத்தியானம் முழுக்க, ஆக்ஸிலேட்டர் பெடலில் வைத்த காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். உள்ளே நான் நடந்து நடந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அந்த உறுமல் கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு மூச்சு வந்தது.

சாயங்காலம் நர்ஸ் வந்து சொன்னதும் வெளியே ஓடினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சாவியைத் திருப்பினார். தெரு சட்டென்று அமைதியானது. உள்ளே என் மகள் அழுவது எங்கள் இருவருக்கும் கேட்டது.

இறங்கப் பார்த்தார், முடியவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. நான்தான் குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, அந்தக் காலைக் கீழே இறக்கிவைத்தேன். கொஞ்ச நேரம் அதை விடவே தோன்றவில்லை.