உமேஷுக்குப் பிடித்த பாட்டு

உமேஷை ஐஸ் பெட்டியில் வைத்து ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிட்டன. எந்தப் பாட்டைப் போட்டு அவனை அனுப்புவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

“பத்தரைக்கு எடுத்தாகணும். பாட்டுக்காக அவரு காத்திருப்பாரு, எனக்கு வேற வீடு இருக்கு,” என்றார் சடங்கு செய்ய வந்தவர்.

ராமதாஸ் மாடிப்படியில் நின்றபடி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மேலே நாலாயிரம் ரெக்கார்டுகள். கீழே தம்பி. மணி எட்டரை.

தம்பி லேசுப்பட்டவன் இல்லை. மதுரை பழங்காநத்தத்தில் பிறந்து, பெங்களூருக்கு ஓடிப்போய், ராக் கிட்டாரில் பேர் வாங்கி, ஏழெட்டு நாடுகளில் வாசித்துவிட்டு வந்தவன். இங்கிலீஷ் பத்திரிகைகள் அவன் விரல்களைவிட அவன் காதுகளைத்தான் அதிகம் புகழ்ந்தன. ப்ளூஸ், கவாலி, ஒப்பாரி, பர்மாக்காரன் பாட்டு, போலீஸ் பேண்டு என்று எதையும் விடாமல் சேர்க்கிறானே, இப்படி ஒரு பரந்த ரசனை யாருக்கு உண்டு என்று எழுதின. அவனும் மறுத்ததில்லை. மதுரைக்கு வரும்போதெல்லாம் ஆட்டோவில் இரண்டு சாக்குக் கட்டு ரெக்கார்டுகள் வந்து இறங்கும். நேராக மாடிக்குப் போகும்.

அண்ணன் தம்பிப் பேச்சு மட்டும் இருபது வருஷமாக ஒரே அளவுதான்.

“வந்தியா?”

“வந்தேன்.”

“சாப்பிட்டியா?”

“ஆச்சு.”

தம்பி முதல் கிட்டாரை வாங்கிக்கொண்டு வந்த அன்று ராமதாஸ் கை நீட்டிவிட்டார். ஜவுளிக்கடை மேனேஜரான அவருக்குக் குரல் உடைந்த வயதிலிருந்தே பாட்டு என்றாலே ஆகாது. ரேடியோ பாடினால்கூட எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அடித்தது தப்பு என்று மறுநாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தார், நேற்று விடிகாலை வரைக்கும்.

போன வாரம்தான் ‘இனி ஊரோடு’ என்று பெட்டி படுக்கையுடன் வந்து இறங்கியிருந்தான் உமேஷ். இருதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியது மனைவி தேவிகாவிடம். அதை அவள் பத்தாவது தடவையாகச் சொன்னாள்.

“‘எனக்குப் பிடிச்ச பாட்டைக் கேட்டுக்கிட்டே போகணும்’னாரு மாமா. எதுன்னு கேட்டேன். ‘அண்ணனுக்குத் தெரியும்’னாரு.”

அண்ணனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருந்தவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை, இந்த ஒன்றையாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்று அவருக்கு வெறியே வந்துவிட்டது.

“இதுக்கு ஏண்ணே இம்புட்டு யோசனை?” என்றான் டிரம்மர் மொக்கைச்சாமி. உமேஷோடு பதினைந்து வருஷம் வாசித்தவன். இடுப்பு வரைக்கும் முடி. “அவருக்கு உசுரே ப்ளூஸ்தான். இருங்க, எடுத்துட்டு வாரேன்.”

சவுண்டு சர்வீஸ் ஆண்டிச்சாமி வாசலில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே அளவுதான், முழுச் சத்தம். ஊசியை வைத்ததும் அமெரிக்கக்காரன் ஒருத்தன் தொண்டை கிழியக் கத்தினான்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ராமதாஸின் மனைவி நாகமணி துள்ளி எழுந்தாள். “ஐயோ, உமேசு கத்துறான்! உசுரு இருக்கு! மூடியத் திறங்க!”

நாலு பேர் நிஜமாகவே திறந்துவிட்டார்கள். உமேஷ் வைத்தது வைத்தபடி இருந்தான்.

ராமதாஸும் ஒரு கணம் நம்பிவிட்டிருந்தார். மூடியைத் திரும்பப் போட்டவரும் அவர்தான்.

“இழவு வீட்டுல போடுற பாட்டாய்யா இது?” தண்ணீர் குடித்துத் தெளிந்ததும் நாகமணி மொக்கைச்சாமியைப் பிடித்துக்கொண்டாள். “நாதஸ்வரம் போடுங்க. அதுல யாரு குத்தம் சொல்லப்போறா?”

ராமதாஸே மாடிக்கு ஓடி ஒரு நாதஸ்வர ரெக்கார்டை எடுத்து வந்தார். மொக்கைச்சாமி எடுத்ததைப்போல் ஆகிவிடக்கூடாதே என்று உறையை இரண்டு முறை பார்த்தார். தெருக்கோடிக் கல்யாண மண்டபத்தை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அன்று திங்கட்கிழமை. ஒன்பது வரைக்கும் ராகு காலம், அதற்கு மேல் அங்கே முகூர்த்தம். மேளக்காரர்கள் காபி குடிக்கப் போயிருந்தார்கள். தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்து, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். சரியாக எட்டு ஐம்பதுக்கு ஆண்டிச்சாமியின் குழாய்கள் இரண்டும் கெட்டிமேளம் கொட்டின. வேர்த்து விறுவிறுத்துக் கிடந்த மாப்பிள்ளை சட்டென்று கட்டிவிட்டான். ஜனங்களும் அட்சதையைப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த ஐந்தாவது நிமிஷம் பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“எவன்டா கெட்டிமேளம் போட்டவன்?”

பெட்டியைப் பார்த்ததும் நின்றார். செருப்பைக் கழற்றினார். உமேஷைக் கும்பிட்டார். தேவிகாவிடம் இரண்டு வார்த்தை துக்கம் கேட்டார். பிறகு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு விட்ட இடத்தில் தொடங்கினார்.

“ராகு காலத்துல தாலி ஏறிருச்சுய்யா! அதுவும் இழவு வீட்டு மேளத்துக்கு!”

“மன்னிச்சுக்கங்க,” என்றார் ராமதாஸ். “என் தம்பிக்குப் பிடிச்ச பாட்டு எதுன்னு தெரியாம…”

“உங்க தம்பிக்குப் பிடிச்சுதோ இல்லையோ, எங்க பிள்ளைக்குச் சனி பிடிச்சிருச்சு! இது இழவு வீடுன்னு ஊருக்கே தெரியுற மாதிரி சோகமா ஒண்ணப் போடுங்க. இல்ல, குழாயப் பிடுங்கி எறிஞ்சுருவேன்.”

ராமதாஸ் மறுபடி மாடிக்கு ஓடினார். அறுபது வயதுக்கு அது இரண்டாவது ஓட்டம். கறுப்பு உறையில், எழுத்து ஒன்றுமில்லாமல், பார்த்தாலே சோகமாகத் தெரிந்த ஒரு ரெக்கார்டை உருவிக்கொண்டு வந்தார். ஆண்டிச்சாமி ஊசியை வைத்தார். தெரு முழுக்க அமைதியாயிற்று.

“அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே!” என்றன குழாய்கள். “பசு சினைக்கு வந்திருப்பதை அறிய மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, ஓயாமல் கத்தும்…”

முதலில் தாய்மாமன்தான் சிரித்தார். பிறகு மொக்கைச்சாமி முகத்தைத் தலைமுடிக்குள் மறைத்துக்கொண்டு குலுங்கினான். துண்டை வாயில் பொத்திக்கொண்டு பந்தலே சிரித்தது. சென்னையிலிருந்து வந்திருந்த பத்திரிகைக்காரப் பெண் மட்டும் சிரிக்காமல், ‘மாட்டின் குரலையும் இசையாகக் கேட்டவர்’ என்று நோட்டில் பக்தியோடு குறித்துக்கொண்டாள். தேவிகாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறி, அதற்குப் பிறகு அவளை யாராலும் தேற்ற முடியவில்லை.

ராமதாஸ் பெட்டியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஒரே வீட்டுக்குத்தானடா வந்து போன,” என்றார் கண்ணாடி மூடியைப் பார்த்து. “என்ன பிடிக்கும்னு ஒரு தடவ கேட்டிருந்தா என்ன குறைஞ்சிருப்பேன்?”

நேற்றிலிருந்து வராத அழுகை இப்போதுதான் வந்தது. பத்து மணி ஆகியிருந்தது. பாடை கட்டி முடித்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் அவனியாபுரத்திலிருந்து மொபெட்டில் வந்து சேர்ந்தார் முகைதீன் பிச்சை. பழைய ரெக்கார்டு வியாபாரி. மாடியில் இருக்கும் நாலாயிரமும் அவர் குடோனிலிருந்து வந்தவைதான். மாலையை வைத்துவிட்டு அவர் திரும்பியதும் ராமதாஸ் தாவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாய், நீங்களாவது சொல்லுங்க. அம்புட்டும் உங்ககிட்ட வாங்குனது. அவனுக்கு ரொம்பப் பிடிச்ச ரெக்கார்டு எது?”

முகைதீன் பிச்சை அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“இருபது வருசமா அவரு என்கிட்டத் தேடுனதே ஒண்ணே ஒண்ணுதாண்ணே, பதிமூணு வயசுல நீங்க பாடுன அந்த பஜனை ரெக்கார்டு, நான் கட்டைப் பிரிச்சுத் தேட விடமாட்டேன்னுதான் மத்த எல்லாத்தையும் சேத்து வாங்கிட்டுப் போவாரு… போன வாரம்கூட வந்து, ‘இனிமே தேட வேணாம் பாய், ஊருக்கே வந்துட்டேன், அண்ணனையே பாடச் சொல்லிக் கேட்டுக்கிறேன்’னாரே, பாடுனீங்களாண்ணே?”