கிராம சபைக்கு நான் ஆள் கூப்பிட்ட லட்சணம்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலைதான். கிராம சபைக்கு எங்க தெருவுல இருந்து ஆள் கூட்டிட்டு வரணும்.

நான் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில வேலை பாக்கேன். எங்க ஊரு ரோட்டுல நட்டநடுவுல பெரிய பள்ளம். அதனால கம்பெனி வேன் ஊருக்குள்ள வராது. காலையில மெயின் ரோட்டுக்கு ஓடணும். லேட்டானா கேட்டைச் சாத்திருவாக, அன்னைக்குப் பொழப்பு போச்சு. போன வாரம்கூட எனக்குப் போச்சு!

"சபையில தீர்மானம் போட்டாத்தான் ரோடு வரும். ஆளக் கூட்டிட்டு வா தாயி"ன்னு பிரசிடெண்ட் அக்கா சொல்லிட்டாக.

வீடு வீடாப் போனேன்.

"வாரத்துக்கு இன்னைக்குத்தான் லீவு. அழுக்குத்துணி மலையாக் கெடக்கு. நீ போ."

அடுத்த வீட்டுல, "வடை உண்டா?"

"டீ மட்டும்தான்."

"அப்ப வடை வந்ததும் சொல்லு."

சபை நடக்குற பள்ளிக்கூடத்துல போய்ப் பாத்தா பிரசிடெண்ட் அக்கா, யூனியன் ஆபீஸ் சாரு, நானு, ஒரு நாயி.

"அதிகாரம் மக்கள் கையில இருக்கு"ன்னு மைக்ல பேசி முடிச்ச சாரு, "ஆனா மக்களைக் காணோமேம்மா. ஆள் சேரலைன்னா தீர்மானம் செல்லாது"ன்னு பையைத் தூக்கிட்டாரு.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! எங்க வீட்டுக்காரருக்குப் போனைப் போட்டேன். "பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு வெடியக் கொளுத்துங்க. என்ன விசேஷம்னு பாக்க எல்லாரும் வருவாக."

டமார்!

வெடி செய்ற ஊர்ல அந்தச் சத்தம் கேட்டா யாரும் வேடிக்கை பாக்க வர மாட்டாக. எனக்கா தெரியாது? ஆத்திரத்துல மறந்துட்டேன்.

"எந்தக் கம்பெனி? எந்தக் கம்பெனி?"ன்னு அலறிக்கிட்டு ஊரே மெயின் ரோட்டைப் பாத்து ஓடுது!

எல்லாருக்கும் முன்னால ஓடுனது யாருங்கிறீக? நான்தான்! ஒத்தச் செருப்போட, "ஐயோ, எங்க மதினி கம்பெனியில இருக்காகளே!"ன்னு அழுதுக்கிட்டே.

"ஏட்டி, நான் உன் பக்கத்துலதான் ஓடியாறேன்!"னாக மதினி.

பின்னால இருந்து எங்க வீட்டுக்காரர் கத்துறாரு. "நில்லுங்க! இன்னைக்குக் கம்பெனி லீவு! கொளுத்தச் சொன்னதே இவதான்!"

மொத்தக் கூட்டமும் நின்னு என்னையப் பாத்துச்சு.

"நாசமாப் போறவளே, ஈரக்கொலையே நடுங்கிருச்சு!"

அந்நேரம் "அம்மா!"ன்னு ஒரு சத்தம். எங்ககூட ஓடியாந்த சாரு பள்ளத்துக்குள்ள கெடக்காரு. பேண்ட் முழுக்கச் சகதி.

"இதுவாம்மா அந்தப் பள்ளம்?"

"இதேதான் சார்."

"ஆள் போதும். இங்கனயே சபையக் கூட்டுங்க."

ரோடு தீர்மானம் பாஸாயிருச்சு! ஆனா அது ரெண்டாவதுதான்.

ஊரே ஒத்துமையாக் கை தூக்குன மொதத் தீர்மானம்: இனிமே ஆள் கூப்பிடுற வேலைய என்கிட்டக் குடுக்கக் கூடாது.