ஆப்பிள் கருவாடு

இராமநாதபுரம் மாவட்டத்தைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஆப்பிளில் கருவாடு போட்ட மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவரும் ஆப்பிள் சாப்பிடக் கூடாதவர்.

ஊசி டாக்டர் என்றுதான் ஊரெல்லாம் பெயர். உண்மையில் டாக்டர் இல்லை, கால்நடை ஆய்வாளர். உத்தரகோசமங்கையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆடு மாடுகளுக்கு ஊசி போடுவது வேலை. அவருடைய மொபெட் சத்தம் கண்மாய்க்கரையில் கேட்டாலே வெள்ளாடுகள் கருவேலங்காட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மனிதர்கள் மட்டும் ஓடி வருவார்கள். கூப்பிட்ட நேரத்துக்கு வருகிற ஆள். ஒரு டீக்குக்கூடக் கை நீட்ட மாட்டார்.

ராமநாதபுரத்தில் ஒரு மாடி வீட்டில் மூன்று பேர் சேர்ந்து பொங்கித் தின்றோம்: அவர், லாரி புக்கிங் ஆபீஸ் செல்வம், கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நான். அவருடைய அண்ணன் ஊரில் படுத்த படுக்கை. சம்பளத்தில் பெரும்பகுதி அந்தக் குடும்பத்துக்குப் போய்விடும். போதாததற்குச் சர்க்கரை நோய். ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவு அட்டவணையை அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார். ‘பழம்: நாளொன்றுக்கு ஒரு துண்டு.’ சிக்கனமும் பத்தியமும் சேர்ந்துகொண்டதில், தோசைக்கல்லில் எண்ணெயை மாட்டு ஊசிக் குழலால்தான் விடுவார். தோசைக்கு இரண்டு மில்லி.

“அண்ணே, இது மாட்டுக்குப் போட்ட ஊசியா?”

“புதுசுடா. போட்ட ஊசியா இருந்தா தோச எந்திரிச்சு ஓடியிருக்கும்ல?”

ஒருநாள் உழவு மாடு ஒன்று அவர் வலது காலை மிதித்துவிட்டது. விரல்களில் புண். சர்க்கரை உடம்பில் புண் லேசில் ஆறுமா? பெரியாஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். சர்க்கரை ஏறினால் விரல் தப்பாது என்று அங்கே தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்.

அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். “ஏலே, ஊருப்பக்கம் மூச்சு விட்றாத. தெரிஞ்சா ஆப்பிளத் தூக்கிட்டு வந்துருவாக.”

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சட்டைப்பையில் புது செல்போன். இத்தனை மாடுகளைப் பிழைக்க வைத்த மனிதர் அனாதை மாதிரிக் கிடப்பதா என்று நெஞ்சு பொங்கியது. ஆறு கிராமத்து டெலிபோன் பூத்துக்கும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் மினி லாரியில் வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது. போனால் ஆப்பிளோடுதான் போக வேண்டும். கொய்யாவோ வாழைப்பழமோ கொண்டுபோனால், உன் நோய் அப்படியொன்றும் பெரிதில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். காளியம்மாள் என்று மிளகாய்க் காட்டில் கூலி வேலை செய்கிற பெண். மடியிலிருந்து கத்தியை எடுத்து அங்கேயே ஒரு பழத்தை அறுத்தார்.

“தின்னுங்க டாக்டரய்யா. ரெண்டு நா மொளகா பறிச்ச காசு. எங்க செவலையப் பொழைக்க வச்ச கையி, இப்பிடி வத்திப் போயிக் கெடக்கே.”

தின்றார். அடுத்தவர் அறுத்தார். அதையும் தின்றார்.

அவர்கள் போனதும், “சுகருன்னு சொல்ல வேண்டியதுதானண்ணே?” என்று கேட்டேன்.

“சொன்னா பழத்தத் திருப்பி எடுத்துட்டுப் போகணும். நோயாளிக்கு வாங்குன ஆப்பிளு ஊருக்குத் திரும்பி வந்தா என்ன அர்த்தம்? ஆளு முடிஞ்சுட்டாருன்னு அர்த்தம். லாரிய விட்டு எறங்கும்போதே ஒப்பாரி ஆரம்பிச்சிரும்.”

“வாங்கி ஓரமா வச்சுக்கலாம்ல?”

“விட்டாத்தானடா. வாய்க்குள்ள போறதப் பாத்துட்டுத்தான் நகருறாக.”

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கூட்டி வரும்போது மூன்று சாக்கு ஆப்பிள். வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. ஆஸ்பத்திரி வாசல் பழக்கடையிலேயே பாதி விலைக்குத் தள்ளிவிடலாம் என்றான் செல்வம்.

“அவன் அதையே நாளைக்கு வாரவுகளுக்கு விப்பான். அதே ஆப்பிளு மறுபடி எங்கிட்டயே வரும். மொளகாக்காட்டுக் கூலிடா அது. ஒண்ணுகூட வீணாகக் கூடாது.”

அந்த மாதம் நாங்கள் காய்கறியே வாங்கவில்லை. கத்தரிக்காய் கிடக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஆப்பிள் கிடந்தது. புளிக்குழம்பில் ஆப்பிள். நெத்திலிக் குழம்பில் மாங்காய்க்குப் பதில் ஆப்பிள். அட்டவணைப்படி தனக்கு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மீதியை எங்கள் தட்டில் தள்ளுவார்.

“அண்ணே, ரசத்துல என்னமோ மெதக்குது” என்பான் செல்வம்.

“தக்காளின்னு நெனச்சுக்க.”

“தக்காளி இனிக்காதுண்ணே.”

“இனிக்கிற தக்காளின்னு நெனச்சுக்க.”

அதற்கும் மிஞ்சியதைத் துண்டு போட்டு, உப்புத் தடவி, கீழ்வீட்டுக்காரர்கள் மொட்டைமாடியில் காயப்போட்ட மீனுக்குப் பக்கத்திலேயே பரப்பினார். இரண்டே நாளில் ஆப்பிளுக்குக் கருவாட்டு வாசம் வந்துவிட்டது. காக்கை ஒன்று வந்து கொத்திப் பார்த்துவிட்டு, சொந்தபந்தம் யாரையும் கூப்பிடாமல் போய்விட்டது.

ஆனால் தீரத் தீர ஆப்பிள் வந்தது. வீட்டுக்கும் வந்து பார்த்தார்கள். ஆளுக்கொரு துண்டு, கண்முன்னால். சில நாள் பதினோரு துண்டு. “ஒரு நாளைக்கு ஒரு துண்டுன்னுதான எழுதியிருக்கு. இன்னும் பத்து நாளைக்கு உண்டானத இன்னிக்கே தின்னுட்டேன்” என்று சிரிப்பார். புண் கறுத்துக்கொண்டே வந்தது. கட்டுப் பிரிக்கும்போது நாங்கள் பேச்சை மாற்றுவோம்.

“நீதான ஊரக் கூட்டுன. நீயே எதையாச்சும் பக்குவமாச் சொல்லி நிப்பாட்டு” என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னார். சரி என்றேன். செய்யவில்லை. வருகிறவர்களெல்லாம் “போன் போட்ட தம்பி நீங்கதானா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெருமையை விட மனம் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாளை ஓட்டிவிட்டேன்.

கடைசியில் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஆப்பிளால்தானா என்று அங்கிருந்த டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம்தான் ஆறு பூத்துக்கும் மறுபடி கூப்பிட்டேன். அவருக்குச் சுகர், பழம் ஆகாது, எதுவும் வாங்காமல் சும்மா வந்து பார்த்தால் போதும் என்று விளக்கமாகச் சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் வரவில்லை. நாலு நாள் பொறுத்துவிட்டு, காளியம்மாளைப் பூத்துக்கு வரச்சொல்லிக் கேட்டேன்.

“வெறுங்கையோட எப்பிடித் தம்பி வாரது? கைய எங்கன வச்சுக்கிட்டு நிக்கிறது?”

மதுரை வார்டில் அவர் கட்டில் வாசலைப் பார்த்தபடி கிடந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் வந்தால்கூடச் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொள்வார்.

“ஊருல இது மொளகா பறிக்கிற நேரம். யாருக்கு ஒழியும், சொல்லு” என்றார் என்னிடம். நான் இரண்டாவது தடவை போன் போட்டதைச் சொல்லவில்லை.

ஏதோ வாங்கப் போகிற மாதிரி வெளியே போய், கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தேன். “வா தம்பி, உக்காரு” என்றார். மறுபடி போய்விட்டு வந்தேன். “வா வா, சாப்ட்டியா?” என்றார். அன்றைக்கு எட்டுத் தடவையாவது போய்ப் போய் வந்திருப்பேன். எட்டுத் தடவையும், ஊரிலிருந்து யாரோ பார்க்க வந்துவிட்ட மாதிரியே எழுந்து உட்கார்ந்தார்.