குளத்தில் தேறிய மோட்டார்

படித்துத் தெரிந்துகொள்ள முடியாதது உலகில் எதுவுமில்லை என்று நம்பியிருந்த காலம் எனக்கும் ஒன்று இருந்தது. அப்போது கும்பகோணத்தில் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். மிக்ஸி வாங்கினாலும் மெத்தை வாங்கினாலும், அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்து முடித்த பிறகே கடைக்குப் போவேன். ஆகவே தம்பி இளங்கோ தன் படகுக்கு ஒரு துணை மோட்டார் வேண்டும் என்றபோது, அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. (வரவில்லை, நானே போய்ப் பிடுங்கிக்கொண்டேன்.)

கொள்ளிடத்தின் நடுவே ஒரு திட்டில் எங்களுக்குக் கொஞ்சம் வாழைத்தோட்டம் உண்டு. தண்ணீர் வரும் மாதங்களில் அங்கே போய்வர இளங்கோ ஒரு சிறிய ஃபைபர் படகு வைத்திருந்தான். அதன் மோட்டார் பழையது. நடு ஆற்றில் அது நின்றுபோனால் கரைசேர்க்க இன்னொன்று வேண்டும். எட்டுக் குதிரைத்திறனில் வாங்கலாம் என்றான் அவன். நான் பொறுமையாக விளக்கினேன்: துணை மோட்டார் அவசரத்துக்கு மட்டுமே, எடை கூடினால் படகின் பின்பக்கம் தாழும், ஒரு கையால் தூக்கி மாட்டக்கூடியதே நல்லது. எல்லாம் நான் படித்தவை, எல்லாம் உண்மையும்கூட. நாகப்பட்டினத்துக் கடைக்காரர் மட்டும், ஆற்றில் இழுப்பு எப்படி இருக்கும் என்று கேட்டார். அது சித்திரை மாதம். "இப்ப தண்ணியே இல்லைங்க" என்றேன். இரண்டு குதிரைத்திறன் மோட்டாருடன் ஊர் திரும்பினோம்.

சோதிக்காமல் எதையும் ஏற்பவள் அல்ல நான். ஆனால் கொள்ளிடம் மணலாகக் கிடந்தது. அதில் ஆடுகள் போய்க்கொண்டிருந்தன. ஊரில் தண்ணீர் இருந்த ஒரே இடம் பிள்ளையார் கோயில் குளம். படகை டிராக்டரில் ஏற்றி அங்கே கொண்டுபோய் இறக்கினோம். மோட்டார் அல்லிக்கொடிகளை ஒதுக்கிக்கொண்டு குளத்தை அழகாக வலம் வந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். முழு மதிப்பெண் வாங்கிய மாணவனைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தேன்.

ஆவணியில் இளங்கோவுக்கு நிச்சயதார்த்தம். பெண் திலகா, ஒரத்தநாட்டில் படித்த கால்நடை மருத்துவர். வீடு கொள்ளிடத்தின் அக்கரையில். அங்கே படித்துறையை ஒட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமையாதலால், பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குமுன் தட்டு மாற்றியாக வேண்டும். அம்மாவும் உறவினர்களும் பாலத்தைச் சுற்றி வேனில் போய்விட்டார்கள். நிச்சயப் பட்டுப்புடவை மட்டும் குஞ்சம் கட்டக் கொடுத்த இடத்தில் சிக்கிக்கொண்டது. அதை வாங்கிக்கொண்டு நான் ஓடிவந்தபோது எனக்காகக் காத்திருந்தவர்கள் இளங்கோவும் சித்தப்பாவும்தான். இனிச் சுற்றிப் போனால் ராகுகாலம் வந்துவிடும். படகில் ஏறினோம்.

பாதி ஆற்றில், தண்ணீரோடு வந்த ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டு பழைய மோட்டார் நின்றது. படகு கீழ்நோக்கி நழுவியது. நான் பதறவில்லை. (சொல்லப்போனால், எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.) துணை மோட்டார் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. படித்துறை எங்களுக்கு மேற்புறம் இருந்தது. கீழ்ப்புறக் கரை முழுவதும் சேறும் நாணலும். ஆகவே இளங்கோ படகை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பி முழுவேகம் கொடுத்தான். மோட்டார் முழங்கியது. நுரை பறந்தது. படகு நின்ற இடத்திலேயே நின்றது.

சித்தப்பா கரையிலிருந்த ஒரு பனைமரத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மோட்டார் ஓடுதா?"

"ஓடுது சித்தப்பா."

"அப்ப நாம ஏன் போகல?"

ஓடத்தின் வேகத்திலிருந்து நீரோட்டத்தின் வேகத்தைக் கழிப்பது, ஆண்டுதோறும் நான் வகுப்பில் நடத்தும் கணக்கு. விடை பூச்சியமாக வரும்படி மட்டும் ஒருநாளும் கரும்பலகையில் போட்டதில்லை.

கரையில் இரு வீட்டாரும் திரண்டுவிட்டார்கள். அவர்கள் கண்ட காட்சி வேறு: மாப்பிள்ளை பாதி வழியில் நிற்கிறார், மோட்டாரை அணைக்காமலே நிற்கிறார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முறுக்கு என்று ஒன்று உண்டு. மனக்குறை இருந்தால் மாப்பிள்ளை வாசலோடு நின்றுகொள்வார். பெண்வீட்டார் சமாதானம் செய்த பிறகே உள்ளே வருவார். ஆற்றின் நடுவே நின்று முறுக்கிக்கொண்டவர் அதுவரை எவருமில்லை. திலகாவின் அப்பா வாயருகே கைகுவித்துக் கூப்பிட்டார்.

"மாப்ள, எதுவா இருந்தாலும் கரைக்கு வந்து பேசிக்கலாங்க."

அப்படியெல்லாம் இல்லை என்று இளங்கோ இரண்டு கைகளையும் ஆட்டிக் காட்டினான். அது இன்னும் மோசமாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று அம்மா பிறகு சொன்னாள். (பெண்ணின் பெரியப்பா, "வேணாம்னுல்ல சொல்றாரு" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம்.) எனக்கு அப்போதுதான் உறைத்தது: ஒரு நல்ல சம்பந்தம் என் கண்ணெதிரே, நான் பார்த்து வாங்கிய மோட்டாரால் முறியப்போகிறது.

திலகா யாரிடமும் கேட்கவில்லை. தாய்மாமாவின் சின்னப் பரிசலில் ஏறி, மேலிருந்து நீரோட்டத்தோடு மிதந்துவந்து எங்கள் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

"என்னங்க கோவம் உங்களுக்கு?"

"கோவமெல்லாம் இல்லைங்க. இது இழுக்க மாட்டேங்குது," என்றான் இளங்கோ.

அவள் மோட்டாரைப் பார்த்தாள், நோயுற்ற கன்றைப் பார்க்கும் கனிவோடு. "யாரு பாத்து வாங்கினது?"

தம்பியும் சித்தப்பாவும் ஒருசேர என்னைப் பார்த்தார்கள். அவளும் என் பக்கம் திரும்பினாள். சேலையைக் கொடுங்கள் என்று கை நீட்டினாள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன்.

"இதுல இன்னொருத்தருக்கு இடமில்லைங்க. மாப்பிள்ளை இல்லாம நிச்சயம் நடக்கும் அண்ணி. சேலை இல்லாம நடக்காது."

சேலையை எடுத்துக் கொடுத்தேன். மாமா ஆழமில்லாத பக்கமாக ஒதுங்கி, மூங்கில் கழியை ஊன்றி ஊன்றிப் பரிசலைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ராகுகாலத்துக்கு முன்பே தட்டு மாறியது. நாங்கள் ஆற்றிலிருந்தே பார்த்தோம். புதுப் பட்டில் திலகா வந்து அமர்ந்தபோது இளங்கோ ஒரு கையால் மோட்டாரைப் பிடித்தபடி மறு கையால் கரையைக் கும்பிட்டான். சற்று நேரத்தில் பெட்ரோல் தீர்ந்தது. படகு சாவகாசமாகப் பின்னோக்கிப் போய் நாணலில் செருகிக்கொண்டது. கயிறு கட்டி எங்களை இழுத்துவந்தபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது.

அந்த நிச்சயதார்த்தப் படம் இன்று இளங்கோவின் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இரு வீட்டுப் பெரியவர்கள், நடுவில் திலகா, பின்னால் அகன்ற கொள்ளிடம், அதில் கடுகளவு ஒரு புள்ளி. புதிதாக வருகிறவர்கள் தவறாமல் மாப்பிள்ளை எங்கே என்று கேட்பார்கள். திலகா அந்தப் புள்ளியின்மேல் விரல் வைப்பாள்.

"இதோ, வந்துகிட்டே இருக்காங்க. அண்ணி கூட்டிட்டு வராங்க."