டபுள் பாயின் ஃப்ளாப்பிகள்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிக்கரை வரை எந்தக் கடையில் விசாரித்தாலும் சொல்வார்கள், டபுள் பாய் ஒரு விஷயத்தை ஒரே தடவை சொல்லி நிறுத்தியதைப் பார்த்த ஆள் இன்னும் பிறக்கவில்லை என்று. அவரிடம் வேலைக்குச் சேர்ந்து வெகுநாள் கழித்துத்தான் அவருடைய சொந்தப் பெயரே எனக்குத் தெரிந்தது.

டீக்கடையில் "சக்கர இல்லாம ஒரு டீ" என்பார். மாஸ்டர் திரும்புவதற்குள் "இனிப்பு வாணாம்" என்பார். கிளாஸ் கைக்கு வந்ததும், "சக்கர போடல இல்ல?" கையில் இரண்டு வாட்ச் கட்டியிருப்பார், ஒன்று நின்றுபோனால் இன்னொன்று இருக்கட்டும் என்று. இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டாது. அதனால் மணி என்ன என்று எங்களைத்தான் கேட்பார்.

காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறினால், "காஞ்சிபுரம் போவுதா?" என்று கண்டக்டரைக் கேட்பார். போகும் என்று அவர் சொன்ன பிறகு டிரைவரிடம் போய் அதையே கேட்பார். ஒருநாள் ஏதோ எரிச்சலில் இருந்த டிரைவர், "செங்கல்பட்டு போவுது" என்றுவிட்டார். பாய் சலாம் வைத்து இறங்கிக்கொண்டார். பஸ் அவர் கண்ணெதிரிலேயே காஞ்சிபுரம் ரோட்டில் திரும்பியது.

இரண்டாயிரம் பிறந்த புதிதில், தன் அப்பாவின் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் அவர் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பித்தார். நான் அங்கே வாத்தியார். சென்னையிலிருந்து லாரியில் ஏற்றிவந்த பழைய கம்ப்யூட்டர்கள் எதிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. மூலையில் சர்வர் என்று ஒரு பெரிய பெட்டி, எல்லாம் அதற்குள்தான். ஒவ்வொரு மிஷினும் காலையில் கண் விழித்ததும், ஒயர் வழியாக அந்த சர்வருக்குப் போய்த் தன் புரோகிராம்கள் இருக்கும் வீட்டைத் தேடிக்கொள்ள வேண்டும். எங்கே தேடுவது என்று அதனதன் ஃப்ளாப்பியில் எழுதிவைக்க வேண்டும்.

அதற்கு ஒரு வரி போதும். பாய் நாலு வரி எழுதியிருந்தார். உன் வீடு நெட்வொர்க்கில் இருக்கிறது. நெட்வொர்க்கில் இந்த அட்ரஸில் இருக்கிறது. இந்த அட்ரஸில் உள்ள சர்வரில் இருக்கிறது. அங்கே நெட்வொர்க் வழியாகப் போ.

"பாய், அட்ரஸ் குடுத்துட்டா நெட்வொர்க்லதான் கீதுன்னு அதுக்கே தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும் தம்பி. மறந்துடுச்சின்னா?"

"மிஷின் எப்படி பாய் மறக்கும்?"

"பழைய மிசின் ஆச்சே" என்றார்.

எங்களிடம் படித்த பெண்களின் கம்ப்யூட்டர் பரீட்சைக்கு முதல்நாள் இடி இறங்கியதில் சர்வர் கருகிப்போனது. பாய் காஞ்சிபுரத்துக்கு ஓடி வேறு சர்வர் கொண்டுவந்தார். அதற்கு அட்ரஸ் வேறு. மறுநாள் காலை நான் வருவதற்குள், எனக்குச் சிரமம் வைக்கக்கூடாது என்று அவரே எல்லா ஃப்ளாப்பியிலும் அட்ரஸை மாற்றிவிட்டார். மாற்றினார் என்றால், ஒன்றில் இரண்டாவது வரியை, இன்னொன்றில் மூன்றாவது வரியை. ஒரு மிஷினுக்குப் பாதி வழி புதுசு, பாதி வழி பழசு. எல்லாம் செத்துப்போன சர்வரைத் தேடிக்கொண்டு கறுப்புத் திரையோடு நின்றன.

வெளியூரிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாடிப்படி முழுக்கப் பெண்கள். மாகறலிலிருந்து வரும் மல்லிகாவை அன்று அவள் அப்பாவே கூட்டிவந்திருந்தார். தோளில் துண்டோடு கீழே இரும்புக் கடை வாசலில் நின்று, "இன்னா பாய், மிசின் ஓடலியா? வூட்டாண்ட வேல கெடக்குது. இட்டுக்கினு பூடட்டா?" என்று குரல் கொடுத்தார்.

"ஓடும், ஓடும். கொஞ்சம் இருங்க. டீ சாப்புடுங்க" என்ற பாய், அதிகாரிக்கும் டீ அனுப்பினார். அந்தக் கிளாஸ் காலியாவதற்குள் இன்னொன்றும் அனுப்பினார்.

நான் சர்வர் முன்னால் உட்கார்ந்து ஃப்ளாப்பியைச் சொருகினேன். "பாய், நாலு வரியும் சரியான்னு பாத்துக்கினு இருக்க நேரமில்ல. மூணை அழிச்சிடலாம்."

"மூணையுமா?"

"ஆமா."

"ரெண்ட அழிச்சிட்டு ரெண்ட வச்சிக்கலாமே தம்பி."

அதிகாரி வாட்சைப் பார்த்தார். பாய் அவரைப் பார்த்தார், படியில் நின்ற மல்லிகாவைப் பார்த்தார். பிறகு என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்தார். ஒவ்வொரு வரியாக அழித்தார். பிள்ளைக்குத் தலைமுடி இறக்கும்போது தாய்மாமன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். மிஞ்சிய ஒரு வரியில் புது அட்ரஸை விரல் வைத்துச் சரிபார்த்தார்.

ஃப்ளாப்பியை மிஷினில் போட்டு பட்டனை அமுக்கினோம். கொஞ்சம் முனகிவிட்டு திரை வெளிச்சமானது. படியில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். பாய் மட்டும் நம்பவில்லை. ஓடிக்கொண்டிருந்த மிஷினை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். மறுபடியும் வந்தது. அதன் பிறகுதான் மற்ற ஃப்ளாப்பிகளை என்னிடம் கொடுத்தார்.

பரீட்சை நடந்தது. மல்லிகா முடித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு இறங்கிவர, அவள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். "இதுக்கு மேல இன்னா படிப்பு கீது பாய்?" என்று போகிற போக்கில் கேட்டார்.

கூட்டம் கலைந்ததும் பாய் பெஞ்சில் சாய்ந்தார். "ஒரு வரி போதும்னு எத்தினி நாளா சொல்லிக்கினு கீறேன். ஏன் பாய் கேக்கல?" என்றேன்.

"அந்தப் பொண்ணு சேரும்போதே அவங்கப்பா சொல்லிட்டாரு தம்பி. ஒருநாள் மிசின் வேல செய்யலன்னு திரும்பி வந்தாலும் அத்தோட நிறுத்திடுவேன்னு. இங்க வர்ற பாதிப் பொண்ணுங்களுக்கு அதே கதைதான். ஒரு வரி மிசின் காதுல வுழலன்னாலும் இன்னொரு வரிக்காச்சும் எழுந்துக்கட்டும்னுதான் எழுதி வச்சேன்" என்றார்.

அன்றைக்குப் பிறகு நான் டபுள் பாயைக் கேலி செய்ததே இல்லை. செய்தாலும், அவர் காதில் விழாதபடி பார்த்துக்கொண்டேன்.