பூண்டியில் என்னோடு இருந்த மூவர்

தனியாக இருப்பவர்கள் வாய்விட்டுப் பேசிக்கொள்வது குற்றமில்லை. ஆனால் பேசுவதற்கு முன்னால் சுவர் எவ்வளவு கனம் என்று தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தை நான் தெரிந்துகொள்ள நான்கு மாதங்களும், என்னைப் பெற்றவர்களும், ஒரு வார்டு மெம்பரும் தேவைப்பட்டார்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கிளைத் தபால் நிலையத்தில் வேலை கிடைத்து, அடிவாரத்து அய்யம்பாளையத்திலிருந்து மலைமேல் இருக்கும் பூண்டிக்குப் போனேன். காலையில் நான்கு மணி நேரம் தபால் ஆபீஸ். அதற்குப் பிறகு மூடுபனி. மத்தியானம் இரண்டு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே காரட் தோட்டம் இருக்கும். இரண்டே காலுக்கு இருக்காது. போனில் டவர் வேண்டுமென்றால் கோயில் மேட்டுக்கு ஏறி, ஒரு குறிப்பிட்ட பாறைமேல் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். (வேண்டுதல் போல என்று நினைத்து ஒருநாள் பூசாரி வந்து விபூதி கொடுத்துவிட்டுப் போனார்.)

ஊர்க்காரர்கள் மரியாதையானவர்கள். அதுதான் சிக்கல். ‘போஸ்டம்மா’ என்று எழுந்து நின்று வழிவிடுவார்கள். வழிவிட்ட பிறகு யாரும் கூட நடந்து வர மாட்டார்கள்.

பாக்கியம் அக்கா வீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருந்தேன். அக்காவும் அவர் கணவர் செல்லையா அண்ணனும் பூண்டு விவசாயம். வெள்ளனே காட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்புவார்கள். அவர்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அதைத்தான் நான் சுவர் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆடி நோன்புக்கு ஊருக்குப் போனபோது என் அண்ணன் ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தான். அவன் பழைய வீடியோ கேம்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவன். வீட்டு டிவியில் மாட்டி விளையாடும் பெட்டிகள் வந்த புதிதில் செய்த பெட்டி அது. எங்கள் இரண்டு பேருக்கும் வயதில் மூத்தது. கூடவே அதில் செருகுகிற ஒரே ஒரு கேட்ரிட்ஜ், விளையாட்டு அதற்குள்தான். சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை, கதைக்குள் நீயே ஒரு ஆளாக இருந்து வாழவேண்டும், அந்த வகையில் டிவிக்கு வந்த முதல் விளையாட்டுகளில் இதுவும் ஒன்று என்றான். நெட் வேண்டாம், டவர் வேண்டாம், உன் ஊருக்கு இதுதான் சரி என்றும் சொன்னான்.

முந்தைய வாடகைக்காரர் விட்டுப்போன பழைய பெட்டி டிவி அறையில் இருந்தது. மாட்டினேன். நான்கு பேர் ஒரு தேசம் முழுக்க நடந்து போய் ஒரு அரக்கனை ஒழிக்க வேண்டும் என்பது கதை. ஒவ்வொருவரும் கட்டைவிரல் நகம் அளவு இருந்தார்கள். பெயர் நாம்தான் வைக்க வேண்டும். இங்கிலீஷில் நாலு எழுத்துக்கு மேல் இடமில்லை. கலைச்செல்வியை வெட்டியதில் நான் கலா ஆனேன். வாள் பிடிப்பவனுக்கு மணி. மந்திரம் போடுகிறவனுக்கு ராஜா. காயத்துக்கு மருந்து போடும் தாடிக்காரனுக்கு பாபு. உமா என்றும் ஒருவருக்கு வைத்திருக்கலாம். ஆனால் உமா என் அண்ணி. அவரைப் பேய்களோடு சண்டைக்கு அனுப்ப அப்போது மனம் வரவில்லை. (இப்போது வரும்.)

இந்த விளையாட்டில் அவசரமே கிடையாது. ஒவ்வொருவரும் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நாம் சொல்ல வேண்டும். சொல்லும்வரை யாரும் அசைய மாட்டார்கள். எதிரே நிற்கும் பேயும் அசையாது. என் வாழ்க்கையில் என் பேச்சுக்காக அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தவர்கள் அதற்கு முன்னால் யாரும் இல்லை.

முதல் வாரம் மனதுக்குள் சொன்னேன். அடுத்த வாரம் முணுமுணுத்தேன். புரட்டாசி மழை பிடித்தபோது முழுக் குரலில் பேச ஆரம்பித்திருந்தேன். முன்னால் போ, பின்னால் நில், மருந்து கொடு என்பதோடு நிற்கவில்லை. சோற்றுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்து, அன்றைக்குத் தபால் ஆபீசுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்றெல்லாம் மணியிடம் சொல்வேன். ராஜா மந்திரத்தைத் தப்பாகப் போட்டால் திட்டுவேன். பாபு நல்லவன். பாபுவை ஒருநாளும் திட்டியதில்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பாக்கியம் அக்கா பூண்டு உரித்தபடி இதை எல்லாம் கேட்டிருக்கிறார். மூன்று ஆண்கள். வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. ஒருநாள் கோலம் போடுகிற மாதிரி குனிந்துகொண்டே, வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்று என்னைக் கேட்டார். அரசாங்க முத்திரை குத்துகிற கை, வீட்டில் பொம்மை விளையாட்டு விளையாடுகிறது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. யாரும் வரவில்லையே என்றேன். நான் சொன்னது சத்தியமான உண்மை. ஆனால் திருடியைப் போலச் சொன்னேன்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், பனிக் குகையில் அடிபட்டு நான்கு பேரும் சாகக் கிடந்தோம். பக்கத்து ஊர்ச் சத்திரத்தில் தங்கி எழுந்தால் உடம்பு தேறிவிடும். நான் நிம்மதியாகச் சத்தமாகவே சொன்னேன்: “மணி, எங்கயும் போக வேணாம். இன்னைக்கு இங்கனயே தங்கிருவோம். நாலு பேருக்கும் ஒரே ரூம் போதும்.”

அந்தப் பக்கம் பூண்டு உரிக்கும் சத்தம் நின்றது. நான் கவனிக்கவில்லை.

பாக்கியம் அக்கா கொட்டுகிற மழையிலேயே கோயில் மேட்டுப் பாறைக்கு ஏறி, அவசரத்துக்கு என்று நான் கொடுத்திருந்த எண்ணில் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்.

மறுநாள் ஞாயிறு. அய்யம்பாளையத்திலிருந்து வத்தலக்குண்டு, அங்கிருந்து கொடைக்கானல், அங்கிருந்து பூண்டி என்று மூன்று பஸ் மாறி அப்பாவும் அம்மாவும் மத்தியானம் வந்து இறங்கினார்கள். வழியில் அம்மா இரண்டு தடவை வாந்தி. பெரிய மனுஷராக ஒருவர் இருக்கட்டும் என்று செல்லையா அண்ணன் வார்டு மெம்பரையும் அழைத்து வந்திருந்தார்.

இது எதுவும் தெரியாமல் நான் ஒரு பெரிய பேயிடம் மாட்டிக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. சண்டையை விட்டுத் தப்பிப்பதற்கு ஒரு உத்தரவு உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அழுத்த வேண்டும். வந்திருப்பவர் அக்காதான் என்று நினைத்து, “இந்தா வந்துட்டேன்” என்று கத்திவிட்டு, டிவியைப் பார்த்துப் படபடவென்று சொன்னேன்.

“மணி, ஓடிரு. ராஜா, நீயும் ஓடிரு. பாபு, வெரசாப் போ.”

வெளியே செல்லையா அண்ணன் பின்பக்கம் பாய்ந்தார், ஜன்னல் வழியாக இறங்குகிறவர்களைப் பிடிக்க. பின்பக்கம் சமதரை இல்லை, படிப்படியாக இறங்கும் காரட் பாத்திதான். இரண்டு படி வழுக்கிப் போய் மூன்றாவதில் உட்கார்ந்தார்.

கதவைத் திறந்தேன். அப்பா என்னைத் தாண்டி உள்ளே போனார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். வார்டு மெம்பர் குளியலறையைப் பார்த்தார். அம்மா சமையல் மூலைக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். ஒரு தட்டு. ஒரு டம்ளர். பிடி சோறு மட்டும் வேகும் ஒரு சின்ன குக்கர்.

“மணிங்கறது யாரும்மா?” என்றார் அப்பா.

நான் டிவியைக் காட்டினேன். வேறு வழியில்லை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

“இதுல எவன்?”

“முன்னாடி நிக்கிறவன்ப்பா.”

அப்பா மணியை ரொம்ப நேரம் பார்த்தார். மணியும் அசையாமல் நின்றான். பாக்கியம் அக்கா மட்டும் டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“இதுக கூடயா தாயி பேசுன? இத்தன நாளும்?”

தலையை ஆட்டினேன்.

“நாங்க இந்தப் பலகைக்கு அங்குட்டுத்தான இருந்தோம்” என்றார்.

அந்த நேரம் பார்த்து செல்லையா அண்ணன் சேற்றுக்காலோடு உள்ளே வந்து, “எங்க அவனுக?” என்று வயரில் இடறினார். பெட்டி தரையில் விழுந்து டிவி கறுத்தது. திரும்ப மாட்டியபோது விளையாட்டு ஓடியது. ஆனால் கேட்ரிட்ஜுக்குள் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்த பழைய பேட்டரி கையை விரித்துவிட்டது. புதிதாகப் பெயர் வையுங்கள் என்று நான்கு வெற்றுக் கட்டங்கள் வந்தன.

நான் அழுதேன். பெற்றவர்கள், வீட்டுக்காரர்கள், மக்கள் பிரதிநிதி எல்லோர் முன்னாலும், கதவோரம் குந்தி உட்கார்ந்து, மூக்கு ஒழுக அழுதேன். என்ன நடக்கிறது என்று கடைசிவரை பிடிபடாத வார்டு மெம்பர் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: “நல்ல பயலுகளாம்மா?”

“நல்லவங்கதாங்க” என்றேன்.

அன்று சாயங்காலம் எல்லோரும் அக்கா வீட்டில் சாப்பிட்டோம். அதற்கப்புறம் நான் அந்த ஊரில் இருந்த மூன்று வருடமும் என் குக்கருக்கு வேலை இல்லை. பூண்டு உரிக்கக் கற்றுக்கொண்டேன். விரல் நாற்றம் போகவே போகாது. தபால் ஆபீசுக்கு வருகிறவர்கள் எழுந்து நிற்பதை விட்டுவிட்டு, மணி சௌக்கியமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, எதையும் மறைக்கக் கூடாது என்று அப்பா, பெண்ணோடு முன்பு மூன்று பேர் இருந்தார்கள் என்று தொடங்கியதும், மாப்பிள்ளையின் மாமா காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அவரை உட்கார வைத்து மீதியைச் சொல்வதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் இன்றுவரை எந்த விசேஷத்திலும் இந்தக் கதை இல்லாமல் பந்தி முடியாது.

நான் இப்போது வத்தலக்குண்டில் இருக்கிறேன். பூண்டியில் வீட்டுக்குள்ளேயே டவர் வந்துவிட்டது. போன வாரம் பாக்கியம் அக்கா பேசினார். பின் அறைக்கு ஒரு டீச்சர் வந்திருக்கிறாராம், மதுரைப் பக்கம். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“எப்பயும் காதுல எதையோ மாட்டிக்கிட்டுக் கெடக்கு. பலகைல காத வச்சா ஒரு சத்தமும் வல்ல. எனக்கு மனசு கேக்கல. நேத்துப் போயிக் கதவத் தட்டி, சோத்துக்கு வந்துரும்மா, உள்ள எத்தன பேரு இருந்தாலும் கூட்டிட்டு வந்துருன்னு சொல்லிப்புட்டேன்.”