அந்தமானை ஒரே பகலில் முடித்த வரலாறு

ஊர் சுற்றிப் பார்ப்பதைக் கலை என்று சொல்பவர்கள் வேலை வெட்டி இல்லாதவர்கள். அது ஒரு நிர்வாகம். இந்தப் பேருண்மையை உலகுக்கு முதலில் கண்டு சொன்னவர்கள் திருப்பதிவாசிகள். அவர்களுள் தலைசிறந்தவன் யார் என்ற கேள்விக்கு நான் அடக்கம் காரணமாகப் பதில் சொல்வதில்லை. திருச்சானூரில் இறங்கி, 'மோகன்ராஜ் வீடு எது?' என்று கேட்டால் ஷேர் ஆட்டோக்காரர்களே சொல்லிவிடுவார்கள்.

எங்களுக்குப் பூர்வீகம் நகரிப் பக்கம். நகரி, புத்தூர், சத்தியவேடு என்று பரந்து கிடக்கும் எங்கள் சொந்தபந்தம் முழுமைக்கும் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரே கிளை அலுவலகம் என் வீடுதான். வாரம் தவறாமல் வாசலில் ஒரு வேன் வந்து நிற்கும். வந்தவர்களை மலைக்கு ஏற்றி இறக்கி, கபில தீர்த்தத்தில் நனைத்து, காளஹஸ்தியில் சுற்றவைத்து, காணிப்பாக்கத்தில் ஒரு கும்பிடு போடவைத்து, ராத்திரி ரயிலுக்குள் தள்ளிவிடுவேன். ஒன்றையும் விடக்கூடாது என்பது என் கொள்கை. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்ததாகச் சரித்திரம் இல்லை. அவ்வளவு கச்சிதம். புத்தூர் சித்தப்பா ஒருவர் மூன்று தடவை வந்துபோன பிறகு, என் மனைவி யசோதாவைக் கடைத்தெருவில் பார்த்து, "நீ யார் வூட்டுப் பொண்ணும்மா?" என்று அன்பாக விசாரித்தார். என் நிர்வாகத்துக்கு இதைவிடப் பெரிய நற்சான்று தேவையில்லை.

இப்பேர்ப்பட்ட நான், ஆபீசில் கிடைத்த பயணச் சலுகையில் குடும்பத்தோடு சுற்றுலாக் கப்பலில் போக முடிவு செய்தேன். கப்பல் சென்னையில் கிளம்பும். அந்தமானில் ஒரு நாள் காலையில் இறக்கிவிட்டு, அன்று மாலையே ஏற்றிக்கொள்ளும். மற்ற நாள்களில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. தண்ணீரை யாரும் 'கவர்' செய்ய முடியாது. ஆக, அந்த ஒரு பகல்தான் என் திறமைக்குச் சவால்.

அந்தமானைத் தேர்ந்தெடுத்தது யசோதா. அவள் தம்பி செங்கல்வராயன் போர்ட் பிளேரில் இருக்கிறான். எலெக்ட்ரிக் வேலைக்குப் போனவன், அங்கேயே ரோஜா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். அவர்கள் அம்மா காரியத்துக்கு வந்ததுதான் கடைசி. அதற்கப்புறம் போனில் குரல் மட்டும். பெற்ற பிள்ளைபோல இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவன் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்றுவிட்டு வரவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். கப்பல், கடல், கடற்கரை எதையும் அவள் கேட்கவில்லை.

உடனே திட்டக்குழு அமைக்கப்பட்டது. தலைவர் நான். செயலாளர், லேப்டாப் வைத்திருக்கிற காரணத்தால் என் மகள் யாமினி. சிறப்பு அழைப்பாளர், பக்கத்து வீட்டு சடகோபன் சுவாமி. யசோதா பார்வையாளர். காப்பி கொண்டுவருவதற்காக அவளுக்கு இந்த அந்தஸ்து வழங்கப்பட்டது.

முதல் கூட்டத்தில் சடகோபன் சுவாமி ஓர் அடிப்படைப் பிரச்சினையைக் கிளப்பினார்.

"மோகன்ராஜ், அந்தமான்ல நமக்கு ரொம்ப முன்னாடியே சூரியன் உதிச்சுடறதாமே. நம்மூர் ராகுகாலம் அங்கே செல்லுமோ?"

"டைம் இந்தியா முழுக்க ஒண்ணுதானே சாமி?"

"டைம் ஒண்ணுதான். ராகு வாட்ச் கட்டிண்டா வரான்?"

குழு திகைத்தது. அந்தமானுக்கென்று தனி ராகுகாலம் கணிக்க, சுவாமி தலைமையில் ஒரு நபர் உபகுழு அமைப்பதென்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அடுத்த வாரமே அறிக்கை வந்தது. நாங்கள் செல்லுலார் சிறையைப் பார்க்கும் நேரத்தில் ராகுகாலம் வருகிறது. ஆனால் ஜெயிலுக்குள் இருப்பவனுக்கு அதைவிடக் கெட்டது ஒன்றும் நடந்துவிடாது என்பதால் ஆட்சேபணை இல்லை என்று அறிக்கை முடிந்தது.

இரண்டாவது கூட்டம், கடற்கரைகள். கார்பின்ஸ் கோவ், வண்டூர், சிடியா டாப்பு என்று மூன்றை நான் முன்மொழிந்தேன்.

"நைனா, டைம் சாலது. ஒரு பீச்சு போதாதா? எல்லாம் ஒரே கடலுதானே?" என்றாள் யாமினி.

"எல்லாம் ஒரே சாமிதானேன்னு நம்ம சொந்தக்காரங்க ஒரு கோயிலோட நிறுத்திக்கிறாங்களா?"

மூன்றும் அங்கீகரிக்கப்பட்டன. காப்பி டம்ளரை எடுக்க வந்த யசோதா, பார்வையாளர் வரம்பை மீறி வாயைத் திறந்தாள்.

"யாமினி நைனா, எந்தம்பி வூடு எத்தினியாவது?"

யாமினி திரையை உருட்டிப் பார்த்துவிட்டு, "கடேசிலம்மா. 'தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்'னு போட்டுக்கீறாரு" என்றாள்.

"வூடு கப்பல் நிக்கிற எடத்தாண்டியே கீதாமே. எறங்கனதும் மொதல்ல அங்க போய்ட்டு..."

நிர்வாகத்தின் அரிச்சுவடியை அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். "கிட்ட கீறத எப்ப வோணா பாக்கலாம் யசோதா. தூரத்துல கீறதத்தான் மொதல்ல முடிக்கணும்."

அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். எதிர்ப்பு இல்லாததால் தீர்மானம் நிறைவேறியதாகக் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

மூன்றாவது கூட்டம், போக்குவரத்து. கப்பல்காரர்களே பஸ் ஏற்பாடு செய்கிறார்கள் என்றாள் யாமினி. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற சாதியா நாம்? செங்கல்வராயனிடம் வேலைச் சாமான் ஏற்றுகிற வேன் ஒன்று இருக்கிறது. போன் போட்டேன்.

அவன் குரல் உடைந்தே போய்விட்டது. "மாமா, நீங்க வரீங்களா? அக்காவும் வருதா? அன்னிக்கு நான் லீவு போட்டுர்றேன் மாமா. நாள் பூரா உங்களோடதான் கீறேன்."

நாள் பூரா வண்டி உண்டு என்று இதற்குப் பொருள். 'போக்குவரத்து' என்ற தலைப்பின் கீழ் செங்கல்வராயன் பெயரைச் சேர்க்கச் சொன்னேன்.

அந்த நாளும் வந்தது. துறைமுக கேட்டுக்கு வெளியே, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் செங்கல்வராயன் நின்றுகொண்டிருந்தான். வேனைக் கழுவி மாலை வேறு போட்டிருந்தான். யசோதா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இதற்கு அட்டவணையில் நேரம் ஒதுக்கப்படவில்லை என்பதைக் கைக்கடிகாரத்தைத் தட்டி நினைவூட்டினேன். லட்டுப் பொட்டலத்தைக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அக்கா, இப்பிடித் திரும்புனா வூடு. நாட்டுக்கோழிக் கொழம்பு வெச்சி, களி கிண்டிக்கினு கீறா ரோஜா. நம்மூர் களி அவளுக்குத் தெரியாது, போன்ல பாத்து கத்துக்கினா. ஒரு வாய் துன்னுட்டு..."

"ஐட்டம் ஒண்ணு, ஜெயிலு" என்றேன்.

யசோதா வேனின் முன்கதவைத் திறக்கப் போனாள். தடுத்தேன். முன் இருக்கை வழிகாட்டிக்கு உரியது.

"வழி எனக்குத் தெரியும் மாமா. அக்கா முன்னால குந்தட்டுமே" என்றான் அவன்.

"உனக்குத் தெரிஞ்சது பழைய வழிப்பா. இதுல டிராபிக்கோட காட்டும்" என்று போனை நீட்டிக்கொண்டு நான் ஏறி உட்கார்ந்தேன். அந்த நவீன வழி எங்களை நேராக ஒரு மீன் ஏலக் கூடத்துக்குள் கொண்டுபோய் விட்டது. செங்கல்வராயன் சிரிக்காமல் வண்டியைப் பின்னால் எடுத்தான். மரியாதை தெரிந்த பையன்.

ஜெயிலை முடித்தோம். ராகுவால் எங்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் யசோதாவின் பாதம் நனைந்ததும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். படம் எடுத்தது செங்கல்வராயன். எல்லாப் படங்களையும் அவன்தான் எடுத்தான். போக்குவரத்தோடு புகைப்படத் துறையையும் கூடுதல் பொறுப்பாக அவனிடம் ஒப்படைத்திருந்தேன்.

வண்டூர் போகும் வழியில் மறுபடி ஊருக்குள் வரவேண்டியிருந்தது. வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது.

"மாமா, அதான் வூடு. நீலக் கலர் கதவு. ரோஜா வெளிய நிக்கறா பாருங்க."

நீலக் கதவு இருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. புதுப்புடவை கட்டிய ஒரு பெண், நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். யசோதா ஜன்னலை இழுத்துத் திறந்தாள்.

"நிறுத்தாதே, நிறுத்தாதே. கோபுர தரிசனம் கோடி புண்ணியம். வாசலைப் பாத்தாச்சில்ல, வூட்டைப் பாத்த மாதிரிதான்" என்றேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு கும்பிடும் போட்டேன். ஓடும் வண்டியிலிருந்தே ஓர் ஐட்டத்தை முடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. யாமினியிடம் டிக் போடச் சொன்னேன். அவள் போடவில்லை போலிருக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டூரில், முதலை வரும் ஜாக்கிரதை என்று ஒரு பலகை இருந்தது. முதலை வரவில்லை. பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டோம். சிடியா டாப்பு, சூரியன் மறையும் காட்சிக்குப் பேர்போன இடம். மறையும்வரை நின்றால் கப்பல் போய்விடும். ஆகவே தலைக்கு மேலே காய்ந்த சூரியனை அவரவர் மனத்தில் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்துக்கொள்ளும்படி குடும்பத்தினரைக் கேட்டுக்கொண்டேன். அங்கே பிஸ்கெட் தின்றோம். செங்கல்வராயன் தின்னவில்லை. "வூட்ல துன்னுக்கறேன் மாமா" என்றான்.

என் திட்டத்தின் மகத்துவம் இனிமேல்தான். துறைமுகத்துக்குத் திரும்பியபோது, ஏறவேண்டிய நேரத்துக்கு இன்னும் நிறைய அவகாசம் இருந்தது. எந்தக் கம்பெனியும் இப்படி நேரம் மிச்சம் பிடித்துத் தராது.

"மாமா, டைம்தான் கீதே. ஒரு எட்டு வூட்டுக்கு வந்துட்டு..."

"கியூ கட்டிருவாங்கப்பா. முன்னால போறவனுக்குத்தான் மரியாதை."

திருப்பதிக்காரனுக்கு கியூவைப் பற்றிப் பாடம் எடுக்க முடியாது. அதற்குள் ரோஜாவே டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டாள். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டோம் என்று காவலாளி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார். யசோதா கேரியரைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தது போலும், கையை எடுக்கவே இல்லை. நான்தான் தோளைத் தட்டி நகர்த்தினேன்.

உள்ளே கியூ இல்லை. ஒரே ஒரு ஆள் கூட இல்லை. வரிசை கட்டுவதற்கென்று போட்டிருந்த கயிறுகளுக்குள்ளே நாங்கள் மூன்று பேரும் வளைந்து வளைந்து நடந்து, கப்பலில் முதலாவதாக ஏறினோம்.

மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். குடும்ப வாட்ஸப் குழுவில், 'அந்தமான் முழுவதும் முடிந்தது' என்று போட்டேன். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. புத்தூர் சித்தப்பா பூங்கொத்து அனுப்பினார். கீழே கேட்டுக்கு வெளியே அந்த வேன் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் செங்கல்வராயனும் ரோஜாவும் நின்று கப்பலைப் பார்த்தார்கள். எங்கள் தளம் எதுவென்று தெரியாமல் எல்லாத் தளத்துக்கும் பொதுவாகக் கையை ஆட்டினார்கள். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. காரணம், கப்பல் கிளம்பும்வரை மிச்சமிருந்த நேரத்தை என்ன செய்வதென்று திட்டத்தில் எழுதியிருக்கவில்லை.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற யசோதாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

"எதனா ஒண்ணு விட்டமா, சொல்லு பாக்கலாம்?"

"இல்ல. எல்லாம் பாத்தேன்" என்றாள். "பின் சீட்டுல குந்திக்கினு நாள் பூரா எந்தம்பி பொடனியப் பாத்தேன். நரச்சிப்பூட்ச்சி. மூஞ்சிதான் செரியா தெர்ல. நீதான் பக்கத்துலயே குந்திக்கினு வந்தியே. சொல்லு, எந்தம்பி எப்பிடிக் கீறான்?"

நான் யோசித்துப் பார்த்தேன். காலையிலிருந்து என் கண் போனில் இருந்த மேப்பை விட்டு நகரவில்லை.

"ரோடு நல்லாத்தான் இருந்துச்சி" என்றேன்.